டிஸ்கஸ் மீன்: முதலில் தண்ணீர், பிறகு மீன்

ஜிலேபிக் கெண்டை உங்களுக்குத் தெரியும். ஏரியிலும் குளத்திலும் கிடைக்கும். குழம்புக்கு வாங்குவோம். அந்த மீனுக்குப் பணக்கார உறவு ஒன்று உண்டு. அதன் பெயர் டிஸ்கஸ். கேரளத்துக் கரிமீனும் இதே குடும்பம்தான்.

டிஸ்கஸ் வட்டமாக இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் தட்டு போலத் தெரியும். எதிரே வந்தால் அப்பளம் போல ஒல்லியாகத் தெரியும். விளையாட்டுப் போட்டியில் வட்டத் தட்டு எறிவார்கள் அல்லவா? ஆங்கிலத்தில் அந்தத் தட்டின் பெயர்தான் டிஸ்கஸ். அந்தப் பெயரே மீனுக்கும் வந்தது. நன்றாக வளர்ந்தால் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். நல்ல கவனிப்பு இருந்தால் 10 ஆண்டுகூட வாழும்.

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்கே அமேசான் என்ற மாபெரும் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றிலும் அதன் கிளை ஆறுகளிலும் இந்த மீன் வாழ்கிறது. காட்டு மரங்களின் இலைகள் விழுந்து ஊறுவதால் பல இடங்களில் தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் போல இருக்கும். அது வெதுவெதுப்பான தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் மிகக் குறைவு. ஆஸ்திரிய நாட்டு அறிஞர் யோகான் யாக்கோப் ஹெக்கல் 1840இல் இந்த மீனைப் பற்றி முதலில் எழுதினார். இன்று கடையில் இருக்கும் டிஸ்கஸ் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. சிவப்பு, நீலம், மஞ்சள், புள்ளி, கோடு என்று பல நிறங்களில் வளர்த்து எடுக்கிறார்கள்.

பார்க்க அழகான மீன்தான். ஆனால் விலை அதிகம். தப்பாக வளர்த்தால் சீக்கிரம் செத்தும் போகும். பணமும் போகும், மீனும் போகும்.

சென்னையில் கொளத்தூர் என்ற பகுதி வண்ண மீன்களுக்குப் பேர் பெற்றது. வீட்டு மாடியிலும் பின்கட்டிலும் தொட்டி கட்டி மீன் வளர்க்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. கொல்கத்தாவில் காலிஃப் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வண்ண மீன் விற்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு கடைக்குத் தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி போனாள். கையில் சீட்டுப் பணம் இருந்தது.

"அக்கா, டிஸ்கஸ் குஞ்சு ஆறு வேணும்."

"தொட்டி எப்போம்மா வச்சே?"

"நேத்துதான். தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு."

"அப்போ இன்னைக்கு மீன் கிடையாது. பணத்தைப் பத்திரமா வை."

"காசு கொடுத்துத்தானே கேக்கறேன்?"

"கோவிச்சுக்காதேம்மா. இன்னைக்கு வாங்கிட்டுப் போவே. பத்து நாள்ல ஒவ்வொண்ணா மிதக்கும். அப்புறம் என்னைத்தான் திட்டுவே. தண்ணி கண்ணுக்குச் சுத்தமா இருந்தா போதாது. மீனுக்குச் சுத்தமா இருக்கணும்."

எல்லாக் கடைக்காரரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். கேட்டதும் பையில் போட்டுக் கொடுப்பவர்கள்தான் அதிகம். அதனால் இதை நாமே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

மீன் மூச்சு விடும்போதும் கழிவு போடும்போதும் அம்மோனியா என்ற பொருள் வெளியே வருகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கே அது கலைந்து போகும். கண்ணாடித் தொட்டியில் எங்கே போகும்? அங்கேயே சேரும். தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் அதில் விஷம் இருக்கும். மீனின் செவுள் வெந்து போனதுபோல் ஆகும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

இதற்கு மருந்தும் இயற்கையிலேயே இருக்கிறது. சில நல்ல நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். வேறு சில நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியது அல்ல. அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். பால் தயிராக வேண்டுமானால் உறை ஊற்ற வேண்டும். காத்திருக்கவும் வேண்டும். தொட்டியும் அப்படித்தான். புதுத் தொட்டியில் நுண்ணுயிர் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும்.

அதுவரை என்ன செய்வது? தொட்டியில் தண்ணீர் நிரப்புங்கள். ஸ்பாஞ்சு பில்டரையும் காற்றுப் பம்பையும் ஓட விடுங்கள். மீன் வேண்டாம். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போடுங்கள். அது அழுகும். அதிலிருந்து வரும் அம்மோனியாதான் நுண்ணுயிருக்குச் சாப்பாடு.

தண்ணீரைச் சோதிக்கும் மருந்துப் பெட்டி கடையில் கிடைக்கும். சிறு குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுக்க வேண்டும். சொல்லியிருக்கும் அளவு சொட்டு மருந்து விட வேண்டும். நிறம் மாறும். அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும். முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும். கடைசியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்டும். நைட்ரேட் மட்டும் தெரியும். அன்று தொட்டி தயார்.

இந்த எண்களை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மனக்கணக்கு இங்கே உதவாது. "போன வாரம் எவ்வளவு இருந்தது?" என்று யோசித்தால் ஞாபகம் வராது. நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

நோய் இல்லாத பழைய தொட்டி ஒன்றில் ஓடிய ஸ்பாஞ்சு கிடைத்தால் வேலை சீக்கிரம் முடியும். அது உறை மோர் போல. ஆனால் யாருடைய தொட்டி, எப்படிப்பட்ட தொட்டி என்று தெரியாமல் வாங்க வேண்டாம். நல்ல நுண்ணுயிரோடு நோயும் சேர்ந்து வரும்.

இன்னும் ஒன்று. ஸ்பாஞ்சு அழுக்கானால் பலர் குழாயடியில் வைத்து அலசுவார்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நுண்ணுயிர் செத்துவிடும். ஆறு வாரப் பாடும் வீண். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் ஸ்பாஞ்சைப் பிழிய வேண்டும். சோப்பு கூடவே கூடாது.

தொட்டி எவ்வளவு பெரிது?

வளர்ந்த டிஸ்கஸ் ஒன்றுக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஐந்து மீனுக்கு 200 லிட்டர். இப்போது கணக்குப் போடுவோம். தொட்டியின் நீளம் 4 அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் ஒன்றரை அடி. மேலே 3 அங்குலம் விட்டுத் தண்ணீர் ஊற்றுகிறோம். அப்படியானால் தண்ணீரின் உயரம் ஒன்றேகால் அடி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏழரை கன அடி வரும். ஒரு கன அடிக்குச் சுமார் 28 லிட்டர். ஏழரையை 28ஆல் பெருக்கினால் 210 லிட்டர்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 210 லிட்டர் என்றால் 210 கிலோ. கண்ணாடியின் எடை தனி. மேசை மேலோ அலமாரி மேலோ இதை வைத்தால் என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள். வலுவான இரும்பு ஸ்டாண்டு வேண்டும். தரை மட்டமாக இருக்க வேண்டும். வெயில் நேராக விழும் இடமும் ஆகாது.

சிறிய தொட்டி விலை குறைவு. ஆனால் அதில் தண்ணீர் சீக்கிரம் கெடும். டிஸ்கஸ் விஷயத்தில் பெரிய தொட்டிதான் சுலபம்.

எந்தத் தண்ணீர்?

மாநகராட்சித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை வரும். அதுதான் குளோரின். நமக்கு நல்லது. மீனுக்கு ஆகாது. ஒரு டிரம்மில் பிடித்து, காற்றுப் பம்பு ஓடவிட்டு, ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோரின் போக்கும் மருந்தும் கடையில் உண்டு.

ஆழ்குழாய்த் தண்ணீர் பல ஊர்களில் கடினமாக இருக்கும். சோப்பு நுரைக்காது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். பண்ணை டிஸ்கஸ் ஓரளவு கடினத்தைத் தாங்கும். மிகவும் கடினமாக இருந்தால் ஆர்.ஓ. தண்ணீர் கலக்கலாம். முழுக்க ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றக் கூடாது. அதில் மீனுக்குத் தேவையான தாது உப்பு இருக்காது.

தண்ணீரின் புளிப்பை பி.எச். என்ற எண்ணால் அளக்கிறார்கள். டிஸ்கஸுக்கு 6 முதல் 7 வரை நல்லது. ஏழரை என்றாலும் பயப்பட வேண்டாம். இன்று 6, நாளை ஏழரை என்று ஏறி இறங்குவதுதான் கெடுதல்.

சூடும் கரண்டும்

டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சித்திரை வெயிலில் தண்ணீர் தானாகவே அவ்வளவு சூடாக இருக்கும். மார்கழி இரவில் குறைந்துவிடும். அதனால் ஹீட்டர் வேண்டும். 200 லிட்டர் தொட்டிக்கு 200 வாட் ஹீட்டர் போதும். அது 5 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் மின்சாரம் ஆகும். வேண்டிய சூடு வந்ததும் தானே அணைந்துவிடும். ஆனாலும் மாத பில் ஏறத்தான் செய்யும். அதையும் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும் வெயில் நாளில் மூடியைத் திறந்து வைத்து, மேலே மின்விசிறியைத் திருப்பி வைக்கலாம்.

இதைக் கவனமாகப் படியுங்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தொட்டிக்குள் கை விடும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஒயர் தொட்டியிலிருந்து பிளக்குக்கு நேராகப் போகக் கூடாது. நடுவில் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போது ஒயர் வழியாக வரும் தண்ணீர் கீழே சொட்டிவிடும். பிளக்குக்குள் போகாது. ஹீட்டரை வெளியே எடுப்பதற்கு 15 நிமிடம் முன்பே அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். வீட்டில் மின்கசிவைத் தடுக்கும் சுவிட்சு இருந்தால் நல்லது. மீன் செத்தால் வேறு வாங்கலாம்.

கரண்டு போனால் காற்றுப் பம்பு நின்றுவிடும். பாட்டரியில் ஓடும் சிறு பம்பு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. அது இல்லாவிட்டால் குவளையால் தண்ணீரை எடுத்து எடுத்து மேலிருந்து ஊற்ற வேண்டும். அந்த நேரத்தில் தீனி போட வேண்டாம்.

மீன் வாங்கும் நாள்

ஒன்று இரண்டு மட்டும் வாங்காதீர்கள். டிஸ்கஸ் கூட்டமாக வாழும் மீன். இரண்டு இருந்தால் பெரியது சின்னதைக் கொத்திக்கொண்டே இருக்கும். ஐந்து ஆறு இருந்தால் அடி பிரிந்து போகும்.

கடையில் நின்று நிதானமாகப் பாருங்கள். உடம்பு வட்டமாக இருக்க வேண்டும். உடம்புக்குக் கண் மிகவும் பெரிதாகத் தெரிந்தால், அது வளர்ச்சி நின்ற மீன். கறுத்துப் போய் மூலையில் ஒதுங்கி நின்றால் வேண்டாம். கழிவு வெள்ளையாக நூல்போல் தொங்கினால் வயிற்றில் நோய் இருக்கலாம். "தீனி போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஓடி வந்து தின்னும் மீனை வாங்குங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். பணம் உங்களுடையது.

வீட்டுக்கு வந்ததும் பையைத் திறக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு பையில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அரை மணி கழித்து மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். முதல் நாள் மீன் தின்னாமல் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு அதை அமைதியாக விடுங்கள்.

குஞ்சுகளுக்கு ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி போட வேண்டும். குருணைத் தீனி, உறைய வைத்த ரத்தப்புழு இரண்டும் நல்லது. சாக்கடையில் அள்ளிய உயிர்ப்புழு மலிவு. ஆனால் அதோடு நோய் வரும். ஐந்து நிமிடத்தில் தின்னாத தீனியைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். புதுத் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும்.

குஞ்சு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று ஆசை வருவது இயற்கை. அந்த ஆசையில் கடன் வாங்கி முதலிலேயே டிஸ்கஸில் இறங்க வேண்டாம். கப்பி, மோலி போன்ற மலிவான மீனை ஆறு மாதம் வளர்த்துப் பாருங்கள். கை பழகும். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா என்ற திட்டம் 2020இல் தொடங்கியது. அதில் வண்ண மீன் வளர்ப்புக்கும் மானியம் உண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 60 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை என்று வகுத்தார்கள். இப்போது என்ன நிலை என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

டிஸ்கஸில் ஆண் எது, பெண் எது என்று பார்த்ததும் சொல்ல முடியாது. ஆறு மீன் ஒன்றாக வளர்ந்தால் சுமார் ஒரு வயதில் அவையே ஜோடி சேரும். ஒரு மண் சட்டியைக் கவிழ்த்து வைத்தால், அதைச் சுத்தம் செய்து முட்டை ஒட்டும். முதல் சில தடவை முட்டையைத் தாங்களே தின்றுவிடும். பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும். இன்னும் இரண்டு மூன்று நாளில் குஞ்சு நீந்தும். நீந்தியதும் நேராகத் தாய் தகப்பனிடம்தான் போகும். அவற்றின் தோலில் சளி போல ஒன்று சுரக்கும். அதுதான் குஞ்சுக்குப் பால். தாயிடம் மட்டும் அல்ல, தகப்பனிடமும் சுரக்கும். ஒன்று களைத்தால் உடம்பைச் சட்டென்று உதறும். குஞ்சுகள் கூட்டமாக மற்றதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.