முதல் ஸ்மியர் பார்க்கிறவர்களுக்கு

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து லேப்களிலும் வார்டுகளிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. காய்ச்சல், பிளேட்லெட் குறைவு என்றதும் மழைக்காலத்தில் டெங்கு என்று எழுதக் கை பரபரக்கும். மெஷின் காட்டும் எண்ணோடு நிற்காதீர்கள். ஸ்மியர் போட்டு, லீஷ்மன் சாயம் ஏற்றி, கண்ணால் பாருங்கள்.

2. துகள்கள் அடைத்த செல்லுக்குள் விறகுக் கட்டு மாதிரி ஆவர் குச்சிகள் குவிந்து கிடந்தால் அந்த மணி நேரமே போனை எடுங்கள். அது ஏ.பி.எல். ஆக இருக்கலாம். 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு பி.எம்.எல்.-ராரா என்ற ஜீன் உண்டாவதால் வரும் நோய். ஆரம்ப நாட்களில் மூளையில் ரத்தம் கசிந்து உயிரைப் பறிக்கும். அந்த நாட்களைத் தாண்டிவிட்டால், பெரியவர்களுக்கு வரும் அக்யூட் லுகேமியாக்களில் இதைப்போல் நன்றாகக் குணமாவது வேறில்லை. ஜீன் பரிசோதனை முடிவு வரட்டும் என்று யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. சந்தேகம் வந்ததுமே ஆட்ரா மருந்தைத் தொடங்குவதுதான் முறை. நமக்கு ஜிப்மர் ஒரு மணி நேரத் தொலைவு. வந்தவாசி, ஆரணி வழியே போனால் வேலூர் சி.எம்.சி. அங்கே 1998 முதல் 2004 வரை புதிதாக இந்நோய் கண்ட 72 பேருக்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடை மட்டுமே முதன்மை மருந்தாகக் கொடுத்தார்கள். சுமார் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. 2006இல் ‘பிளட்’ இதழில் வந்த ஆய்வு அது. நம் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

3. மாதிரியை மருந்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். நெறி கட்டியிருக்கிறதே என்று யாரோ போட்ட ஸ்டீராய்டு ஊசி, ஏ.எல்.எல். என்ற லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவைச் சில நாள் மறைத்துவிடும். ஜீன் சோதனைக்கு ஊதா மூடிக் குழாய், குரோமோசோம் பார்க்கப் பச்சை மூடிக் குழாய். மாற்றிப் போட்டால், பச்சையில் உள்ள ஹெப்பாரின் பி.சி.ஆரைக் கெடுக்கும். பச்சைக் குழாயை உறைய விடாதீர்கள். செல் உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் குரோமோசோமை எண்ண முடியும்.

4. ஏ.எம்.எல். என்ற மைலாய்டு லுகேமியாவின் ஜீன் அறிக்கையில் என்.பி.எம்.1 மட்டும் மாறியிருந்தால் பொதுவாக நல்ல செய்தி. எஃப்.எல்.டி.3-ஐ.டி.டி. சேர்ந்தால் 2022 ஐரோப்பிய வழிகாட்டுதல் நடுத்தரப் பிரிவில் வைக்கிறது. டி.பி.53 மாறியிருந்தால் கடினம். ஆனால் இந்த அட்டவணை நூறு பேரைப் பற்றிப் பேசுகிறது, உங்கள் எதிரில் இருப்பவரைப் பற்றி அல்ல. அட்டவணையும் மாறும். 1960இல் கண்டுபிடித்த பிலடெல்பியா குரோமோசோம், பெரியவர்களின் ஏ.எல்.எல்.லில் இருந்தால் ஒரு காலத்தில் மிக மோசமான செய்தி. இமாட்டினிப் வந்த பிறகு, அதற்கென்று மாத்திரையே இருக்கிறது. பழைய பாடப்புத்தகத்தை வைத்து ஆயுளைக் கணக்குப் போடாதீர்கள்.

5. “எத்தனை நாள் தாங்கும்?” என்று வராந்தாவில் மறித்துக் கேட்பார்கள். சதவீதம் சொல்லாதீர்கள். அடுத்து எந்த ஊர், எந்த வார்டு, யார் கூடப் போவது, எத்தனை பேர் ரத்தம் கொடுக்க வர வேண்டும் என்பதைச் சொல்லுங்கள்.

6. முதல் நாள் ஜீன் அறிக்கையை மூன்று நகல் எடுத்து வீட்டாரிடமே கொடுத்துவிடுங்கள். கீமோ முடிந்ததும் ஜீன் சோதனையில் மிச்ச நோயைத் தேடுவது, முதலில் கண்ட அதே ஜீன் அடையாளத்தை வைத்துத்தான். அந்தத் தாள் தொலைந்தால் எதைத் தேடுவதென்று வேலூரிலும் தெரியாது.