கணக்குக்கும் காவல் வேண்டும்

கடைக்குப் பூட்டு, சரக்குக்கு இன்சூரன்ஸ் என்று பாதுகாப்புத் தேடும் நாம், கணக்குக்கு என்ன பாதுகாப்புச் செய்திருக்கிறோம்?

ஆம்பூர் மளிகை வியாபாரம் கடனில் ஓடுவது. தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் சம்பளம் போட்டால்தான் நமக்குப் பாக்கி வசூலாகும். ஆகவே கல்லாவைப் போலவே கடன் நோட்டும் நமது முதல்தான்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டன. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருகியது. இத்தகைய நாட்களில் யாருக்கு மேலும் கடன் கொடுக்கலாம், மொத்த வியாபாரியிடம் எத்தனை நாள் தவணை கேட்கலாம் என்று உடனே முடிவெடுக்க வேண்டும். கணக்குத் தெளிவாக உள்ளவர் நிலைமைக்குத் தக்கபடி வளைந்து கொடுப்பார். கணக்கைத் தொலைத்தவர், எல்லோருக்கும் கடனை நிறுத்தி வாடிக்கையை இழப்பார். அல்லது எல்லோருக்கும் கொடுத்து முதலை இழப்பார்.

கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் கவலையில்லை என்பதும் சரியல்ல. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பக்கத்து ஆந்திராவில் காவல் துறையின் கம்ப்யூட்டர்களும் அதில் சிக்கின. வேறோர் இடத்தில் நகல் வைத்திருப்பவர் இப்படிப்பட்ட மிரட்டலுக்குப் பணிய வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை:

1. வாரம் ஒரு முறை கணக்கைப் பென்டிரைவில் நகலெடுத்து, கழற்றி வீட்டில் வைக்க வேண்டும். நோட்டுக் கணக்கானால் பாக்கிப் பக்கங்களைப் படம் பிடித்து வைக்கலாம்.

2. பில் போடும் பையனுக்கு ஒரு பாஸ்வேர்டு, முதலாளிக்கு வேறொன்று. பழைய பில்லைத் திருத்தும் உரிமை முதலாளியிடம் மட்டும் இருக்கட்டும்.

3. கியூஆர் அட்டையின் மேல் வேறு அட்டை ஒட்டப்பட்டுள்ளதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் போனில் காட்டும் படத்தை நம்பாமல், நம் கணக்கில் பணம் ஏறியதா என்று பார்க்க வேண்டும். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

4. ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவற்றுக்கும் நகல் அவசியம்.

இதற்கு ஆகும் செலவு ஒரு பென்டிரைவும் வாரத்தில் அரை மணி நேரமும்தான். இந்த வாரமே முதல் நகலை எடுத்துவிடுவோம்.