சுடும் விளையாட்டும் கதை சொல்லும் இசையும்
(பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க ஒரு பாடம்)

மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒற்றை அறை வீடுகள் ஏராளம். அந்த ஓர் அறையில்தான் தாத்தா தொலைக்காட்சி பார்ப்பார், அம்மா சமைப்பார், அக்கா பரீட்சைக்குப் படிப்பார். கல்லூரிக்குப் போகும் தம்பி மூலையில் அமர்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, துப்பாக்கி விளையாட்டில் மூழ்கியிருப்பான். "எந்நேரமும் டுமீல் டுமீல்தானா?" என்று வீட்டில் கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதே. ஆனால், அவன் காதில் விழுவது வெடிச்சத்தம் மட்டுமன்று. அதற்கு அடியில் ஓர் இசை ஓடிக்கொண்டிருக்கிறது. அது கதை சொல்கிறது. யாரை நம்புவது, யாருக்கு அஞ்சுவது என்றும் சொல்லிக்கொடுக்கிறது. அந்த இசையைப் பிரித்துக் கேட்கப் பழகுவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. எந்த விளையாட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

இவ்வகை விளையாட்டில் நாயகனின் முகம் நமக்குத் தெரியாது. திரையில் தெரிவது அவன் கையும், கையிலுள்ள ஆயுதமும், எதிரே உள்ள உலகமும்தான். அவன் கண்ணே நம் கண். ஆங்கிலத்தில் இதை 'ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்' என்பார்கள். 1993 டிசம்பரில் அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட 'டூம்' இவ்வகையை உலகெங்கும் பரப்பியது. அதில் கதை மிகக் குறைவு. பிறகு வந்தவற்றில் பல, நாவல் போலவும் திரைப்படம் போலவும் கதை சொல்லத் தொடங்கின.

2. முதலில் வந்த இசை

'டூம்' விளையாட்டுக்கு இசையமைத்தவர் பாபி பிரின்ஸ். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மெட்டு. அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஒலிக்கும். 1996-இல் வந்த 'குவேக்' விளையாட்டுக்கு 'நைன் இஞ்ச் நெய்ல்ஸ்' இசைக்குழுவின் டிரென்ட் ரெஸ்னர் இசை அமைத்தார். அது குறுந்தகட்டிலிருந்தே பாடியது. இரண்டும் கேட்க அருமையானவை. ஆனால், ஆடுபவர் ஓடினாலும் நின்றாலும் இசை தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

திரைப்படத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 'நாயகன்' (1987) படத்துக்கு இளையராஜா பின்னணி இசை அமைத்தபோது, எந்தக் காட்சி எத்தனை வினாடி என்பது படத்தொகுப்பிலேயே முடிவாகியிருந்தது. விளையாட்டில் அப்படி முடிவு செய்ய முடியாது. ஒருவர் கதவைத் திறந்து உடனே உள்ளே பாய்வார். இன்னொருவர் அதே கதவருகில் ஐந்து நிமிடம் பதுங்கி நிற்பார். இருவருக்கும் பொருந்தும்படி ஒரே இசையை எப்படி அமைப்பது?

3. கொடை மேளம் காட்டும் வழி

இதற்கு விடை நமக்குப் பழக்கமானதுதான். நம்மில் பலருடைய பூர்விகம் திருநெல்வேலிச் சீமை. ஊரில் சுடலைமாடன் கோயில் கொடையைப் பார்த்தவர்கள் நினைத்துப் பாருங்கள். சாமியாடிக்கு அருள் எப்போது வரும் என்று மேளக்காரருக்குத் தெரியாது. அவர் சாமியாடியின் காலையும் தோளையும் கவனித்தபடியே வாசிப்பார். உடல் சிலிர்த்தால் அடி நெருங்கும். ஆட்டம் உச்சத்துக்குப் போனால் மேளமும் உச்சத்துக்குப் போகும். சாமி மலையேறினால் தணியும். ஆடுபவரைப் பின்தொடர்வதே அந்த இசையின் இலக்கணம்.

கம்ப்யூட்டர் விளையாட்டில் மேளக்காரரின் அந்தக் கவனிப்பை ஒரு நிரல் செய்கிறது. இதில் முன்னோடி, லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானல் இருவரும் உருவாக்கிய 'ஐ-மியூஸ்' என்ற முறை. அது 1991-இல் 'மங்கி ஐலண்ட் 2' என்ற சாகச விளையாட்டில் பயன்பட்டது. இன்று பெரும்பாலும் இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன:

அடுக்கு முறை: தந்தி வாத்தியம், தாளம், குரல் ஆகியவை ஒரே காலப்பிரமாணத்தில் தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்டிருக்கும். எல்லாம் சேர்ந்தே ஓடும். ஆனால் சில அடுக்குகள் மௌனமாக்கப்பட்டிருக்கும். எதிரி நெருங்கும்போது தாள அடுக்கு திறக்கும்.

கோவை முறை: இசை சிறு சிறு துண்டுகளாக இருக்கும். தொடக்கம் ஒன்று, எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரும் நடுப்பகுதி ஒன்று, முடிவு ஒன்று. ஆடுபவர் வேலையை முடித்தவுடன், தாளம் முடியும் இடம் பார்த்து முடிவுத் துண்டு வந்து சேரும்.

2001-இல் வந்த 'ஹேலோ' விளையாட்டில் மார்ட்டின் ஓ'டானல், மைக்கேல் சால்வடோரி இருவரும் அமைத்த இசை இத்தகைய கோவைக்கு நல்ல உதாரணம். தேவாலயத் துறவிகள் பாடுவதுபோன்ற சொல்லற்ற குரலில் அது தொடங்கும். 2016-இல் புதிதாக வந்த 'டூம்' விளையாட்டில் மிக் கார்டன் இம்முறையை இன்னும் கூர்மையாக்கினார். சண்டை சூடேறினால் கிதார் உறுமும். கடைசி எதிரி விழுந்ததும் அடங்கும். ஆடுபவருக்குத் தன் கையசைவே இசையை வாசிப்பதுபோல் தோன்றும். பிள்ளைகள் இவ்விளையாட்டில் லயித்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. மௌனமும் இசையே

1998-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப்' கதை சொல்வதில் ஒரு திருப்பம். நாயகன் கார்டன் ஃப்ரீமேன் ஒரு விஞ்ஞானி. அவன் பாலைவனத்துக்கு அடியிலுள்ள ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒரு சிறு ரயிலில் வேலைக்குப் போவதுதான் தொடக்கம். கையில் ஆயுதமில்லை. பிறகு ஆராய்ச்சி விபரீதமாகிறது. காப்பாற்ற ராணுவம் வருகிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். வந்த ராணுவமோ சாட்சிகளையே சுடுகிறது.

இதற்கு இசையமைத்த கெல்லி பெய்லியே ஒலிகளையும் அமைத்தார். இசை அரிதாகத்தான் வரும். மற்ற நேரமெல்லாம் இயந்திர இரைச்சல், ஒலிபெருக்கி அறிவிப்பு, தூரத்துக் காலடி. நெடுநேரம் இசையில்லாமல் நடந்தபின் திடீரென மெட்டு எழும்போது, ஏதோ மாறிவிட்டது என்று உடம்பே உணர்கிறது.

2007-இல் வந்த 'பயோஷாக்' வேறொரு வழியைக் காட்டியது. கடலுக்கு அடியில் பாழடைந்து கிடக்கும் ஒரு நகரம். கேரி ஷைமன் அமைத்த நடுங்கவைக்கும் வாத்திய இசைக்கு இடையே, பழைய ஆங்கிலக் காதல் பாட்டுகள் உற்சாகமாக ஒலிக்கும். துக்க வீட்டில் பக்கத்து வீட்டு வானொலி கல்யாணப் பாட்டுப் பாடினால் நெஞ்சு எப்படிப் பிசையும்! அதே உணர்வு. இந்த நகரம் ஒருகாலத்தில் மகிழ்ந்திருந்தது என்பதை ஒரு சொல்கூட இல்லாமல் அப்பாட்டு சொல்லிவிடுகிறது.

5. நம் சந்து திரையில் வரும்போது

இனி வருவதே நமக்கு முக்கியமான பகுதி. 2009-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' விளையாட்டின் சில கட்டங்கள், பிரேசிலின் ரியோ நகரக் குடிசைப் பகுதியில் நடக்கின்றன. ஹான்ஸ் ஸிம்மர் அதன் முதன்மை மெட்டை அமைத்தார். லார்ன் பால்ஃப் பின்னணி இசை அமைத்தார். குறுகிய சந்து, தகரக் கூரை, மாடிமேல் மாடி. அங்கெல்லாம் ஆயுதத்துடன் எதிரிகள். 2018-இல் வந்த 'ஹிட்மேன் 2' விளையாட்டில் ஒரு கட்டம் மும்பையிலேயே நடக்கிறது. அதில் நாயகனைப் பின்னாலிருந்து பார்க்கிறோம் என்றாலும், குடிசைகளும் நெரிசலும் நமக்குத் தெரிந்தவைபோல் இருக்கும்.

இசை வேகமெடுத்தால் நெஞ்சு வேகமெடுக்கும். அச்சமூட்டும் இசையைக் குறுகிய சந்தோடு சேர்த்துச் சேர்த்துக் கேட்டால், சந்து என்றாலே அச்சம் என்று மனம் பழகிவிடலாம். ஆனால், லேபர் கேம்ப் பிள்ளைக்குச் சந்து என்பது வீடு. பாட்டி கோலம் போடும் இடம். தையல் மெஷின் ஓடும் இடம். நாயகன் பதுங்கும் அந்த மூலையில்தான் இவன் கிரிக்கெட் ஆடினான். "இந்த இசை யார் கண்ணால் பார்க்கிறது?" என்று அவன் கேட்டுப் பழக வேண்டும். விளையாட்டை விட்டுவிட வேண்டுமென்பதில்லை. காது விழித்திருந்தால் போதும்.

அதே 2018-இல் வந்த, பா. இரஞ்சித்தின் 'காலா' படத்தையும் ஒப்பிட்டுக் கேட்கலாம். கதைக்களம் தாராவி. சந்தோஷ் நாராயணன் இசையில், தாராவி இளைஞர்களின் 'டோப்பாடெலிக்ஸ்' ராப் குழுவும் பங்கேற்றது. அங்கே சந்துக்கு உள்ளிருந்து குரல் எழுகிறது. இசை மாறினால் இடத்தின் பொருளே மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

6. வீட்டில் செய்து பார்க்க

அ) மேலே சொன்னவற்றில் 'டூம்', 'ஹாஃப்-லைஃப்', 'ஹேலோ', 'பயோஷாக்', 'மாடர்ன் வார்ஃபேர் 2' எல்லாம் அமெரிக்கத் தரச்சான்றின்படி பதினேழு வயது நிரம்பியவர்களுக்கானவை. பெற்றோர் முதலில் அந்தக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இசையை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டலாம்.

ஆ) ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் எல்லோரும் கேட்கும்படி ஆடச் சொல்லுங்கள். தாத்தாவும் கேட்கட்டும். தாளம் எப்போது சேர்ந்தது, எப்போது விலகியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இ) அடுத்து, ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு அதே கட்டத்தை ஆடிப் பார்க்கட்டும். அச்சம் குறைகிறதா? குறைந்தால், அதுவரை அச்சுறுத்தியது படமா, இசையா?

ஈ) கடைசிப் பயிற்சி பிள்ளைகளுக்கு. உங்கள் வீட்டு வாசலிலிருந்து 90 அடி சாலை வரை, காலை ஆறு மணிக்கு நடந்துபோகும் ஒரு கதை விளையாட்டுக்கு நீங்களே இசையமைப்பாளர். துப்பாக்கி வேண்டாம். குழாயடிக் குடச்சத்தம், ரயில் ஓசை, கோயில் மணி, பாங்கு, கடையின் ஷட்டர் தூக்கும் ஒலி ஆகியவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எது முதலில் வர வேண்டும், எங்கே மௌனம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியதை வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டி, அவர்கள் காதில் விழுந்து உங்கள் காதில் விழாத ஒலி எது என்று கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.