ரெப்போ மூணு, டீம் ஒண்ணு: அக்காவின் 6 டிப்ஸ்

சேத்துப்பட்டுல பஸ் ஏறி ஆரணி காலேஜுக்குப் போற தம்பி, தங்கச்சிகளா! பட்டுச்சேலை ஆர்டர் எடுக்குற ஆப்தான் உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு வெச்சுக்குவோம். ஆப்புக்கு ஒரு ரெப்போ, சர்வருக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் பொதுவான லைப்ரரிக்கு ஒண்ணு. லைப்ரரியில கை வெச்சா ஆப் படுத்துக்கும். அதுக்குத்தான் இந்த டிப்ஸ்.

1. வெர்ஷன் நம்பரைப் படிக்கக் கத்துக்குங்க. 2.4.1-ல கடைசி எண் ஏறினா பிழைத்திருத்தம். நடு எண் ஏறினா புது வசதி. முதல் எண் ஏறினா பழைய கோடு உடையலாம். என்பிஎம்ல முன்னாடி ^ போட்டா 3.0.0-க்குக் கீழே வர்ற புது வெர்ஷனையெல்லாம் ஏத்துக்கும். ~ போட்டா 2.4 வரிசையைத் தாண்டாது.

2. லாக் ஃபைலையும் கமிட் பண்ணுங்க. ஒரு சேலைக்கான நூலுக்கு ரெண்டு தடவையா சாயம் போட்டா நிறம் ஒத்துவராது. ஆளுக்கொரு வெர்ஷன் இறங்கினாலும் அதே கதைதான். சர்வர்ல ‘இன்ஸ்டால்’ வேண்டாம்; ‘என்பிஎம் சிஐ’ கொடுங்க. லாக் ஃபைல்ல இருக்குறதை அப்படியே இறக்கும்.

3. மெர்ஜ் வரிசையை எழுதி வைங்க. முதல்ல லைப்ரரி மெர்ஜ், அப்புறம் டேக், அதுக்கப்புறம்தான் ஆப். "லைப்ரரி 1.3.0 வந்ததும் மெர்ஜ் பண்ணவும்"னு புல் ரிக்வெஸ்ட்லயே ஒரு வரி போட்டுடுங்க. இன்னொருத்தர் ரெப்போவோட மெயின் பிராஞ்சை நேரா இழுக்காதீங்க.

4. கிட் சப்மாட்யூல் வெச்சிருந்தா, சாதாரணமா க்ளோன் பண்ணினா அந்த ஃபோல்டர் காலியாத்தான் வரும். அதை நிரப்ப எந்தக் கட்டளை கொடுக்கணும்னு ரீட்மீயில எழுதுங்க. புஷ் பண்ணும்போது சப்மாட்யூல் முதல்ல, தாய் ரெப்போ அப்புறம்.

5. லைப்ரரி ஆப்பைக் கூப்பிட, ஆப் லைப்ரரியைக் கூப்பிடன்னு சுத்த விடாதீங்க. ரெண்டுக்கும் வேணுங்குறதைத் தனியா பிரிச்சு வைங்க.

6. எதுக்கு லைப்ரரி எடுக்கணும்னு யோசிங்க. ‘தமிழ்’னு கொடுத்து பைத்தான்ல நீளம் கேட்டா 5 வரும், கொக்கியையும் புள்ளியையும் தனியா எண்ணிடும். ஓப்பன்-தமிழ் லைப்ரரி 3 எழுத்தா சரியா பிரிச்சுக் கொடுக்கும். இதுக்கு எடுக்கலாம். சொல்லுக்கு இடப்பக்கம் ஸ்பேஸ் நிரப்புறதுக்கெல்லாம் எடுக்கலாமா? 2016 மார்ச்ல, இதே வேலையைச் செய்யுற லெஃப்ட்-பேட்னு 11 வரிக் கோடை எழுதினவரே என்பிஎம்லேர்ந்து தூக்கிட்டார். அதை நம்பியிருந்த பேபல் மாதிரி பெரிய ப்ராஜெக்டோட பில்டெல்லாம் நின்னுபோச்சு.

டெமோவுக்கு ஒரு வாரம் முன்னாடி, டீம்ல இல்லாத ஃப்ரெண்ட் ஒருத்தரை அவர் லேப்டாப்ல ரீட்மீயை மட்டும் பார்த்து ஓட்டச் சொல்லுங்க. ஓடினா நிம்மதியா தூங்குங்க. ஓடலைன்னா சரிபண்ண இன்னும் ஒரு வாரம் கையில இருக்கு.