பெட்ரோல் வண்டியில் மின்சாரக் கோளாறு

பெட்ரோலில் ஓடும் வண்டிக்கு மின்சாரக் கோளாறு ஏது என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சென்ற தை மாதம் வரையில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். எம்.எஸ்ஸி. பௌதிகம் படிக்கிறவன் இப்படிச் சொல்வது வெட்கத்துக்குரியதுதான். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட்டே பாடத்தைத் தொடங்குகிறேன்.

எங்கள் விடுதிக்கு அருகிலுள்ள ஒரு மைதானத்தில் பழைய கோல்ப் வண்டி ஒன்று உண்டு. வயது முதிர்ந்த விருந்தினர்களை வாயிலிலிருந்து அரங்கம் வரை அழைத்துச் செல்வதும், தோட்டத்துக்கு உரமும் நீர்க்குழாயும் சுமப்பதும் அதன் வேலை. அதை ஓட்டுகிறவர் அறுபதை நெருங்கிய பெரியவர். இவ்வூர் வழக்கப்படி நாங்கள் அவரைச் "சாச்சா" என்று அழைப்போம். ஒரு நாள் காலை, பனிமூட்டம் இன்னும் கலையாத நேரத்தில், பாட்டரியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் ஆய்வுக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

"பேட்டா, உங்கள் கூடத்தில் சார்ஜ் ஏற்றும் பெட்டி இருக்கிறதாமே. இதற்குக் கொஞ்சம் உயிர் கொடு. பதினான்கு மாதத்தில் இது மூன்றாவது. சாவியைப் போட்டுவிட்டு மறந்துபோகிறேன் என்று ஆபீசில் எழுதி வைத்துவிட்டார்கள். இரண்டாவதன் விலையை என் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள். இதுவும் போனால் என்ன செய்வேன்?"

எப்போதிலிருந்து இந்தத் தொல்லை என்று கேட்டேன். "வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்களே, அன்றைக்கே அதன் ராசி போய்விட்டது" என்றார். நான் உள்ளூர நகைத்துக்கொண்டேன். அந்த நகைப்புக்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வண்டியின் அமைப்பைப் பார்ப்போம். கோல்ப் வண்டிகளில் இரு வகை உண்டு. ஒன்று முழுதும் மின்சாரத்தால் ஓடுவது. பல பாட்டரிகளைத் தொடராக இணைத்து 36 அல்லது 48 வோல்ட் பெறுவார்கள். மற்றொன்று ஆசனத்தின் அடியில் சிறிய பெட்ரோல் என்ஜின் வைத்தது. இதற்கு 12 வோல்ட் பாட்டரி ஒன்றே ஒன்றுதான். ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட ஆறு அறைகள், அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட். முழுதும் நிரம்பி, சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 காட்டினால் சுமார் பாதி; 12-க்குக் கீழே போனால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பெட்ரோல் வண்டியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மோட்டார் காரில் என்ஜினைக் கிளப்ப ஒரு மோட்டாரும், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேறொரு இயந்திரமும் தனித்தனியே இருக்கும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் இரண்டு வேலையையும் ஒரே உருளைதான் செய்கிறது. அது பெல்ட் ஒன்றினால் என்ஜினோடு பிணைக்கப்பட்டிருக்கும். பாட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் மோட்டாராகச் சுழன்று என்ஜினைச் சுழற்றும். என்ஜின் பற்றிக்கொண்டு வேகமெடுத்ததும் அதே உருளையை என்ஜின் சுழற்றும். அப்போது அது டைனமோவாகி மின்சாரத்தைத் திருப்பித் தரும். 1831-இல் பாரடே கண்ட தூண்டல் விதியையும், மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தப் புலம் தள்ளும் விதியையும் ஒரே பெட்டிக்குள் பார்க்க விரும்புகிறவர்கள் இவ்வண்டியின் பின்மூடியைத் திறந்து பார்க்கலாம்.

இன்னொரு விசித்திரம், இதை மிதித்தே கிளப்புவது. சாவியைத் திருப்பினால் மட்டும் என்ஜின் ஓடாது. மிதியைக் காலால் அழுத்தியதும் அதன் அடியிலுள்ள சிறு ஸ்விட்ச் மூடும். அதன் வழியாகச் செல்லும் சிறு மின்னோட்டம் ஸொலினாய்டு என்னும் காந்த ஸ்விட்சை இழுக்கும். அது "டக்" என்ற ஓசையோடு பருத்த கம்பிகளை இணைக்க, பெரும் மின்னோட்டம் மோட்டாருக்குப் பாயும். காலை எடுத்தால் பொறி நின்று என்ஜினும் நின்றுவிடும். ஆகவே இருபது கஜத்துக்கு ஒரு முறை நிறுத்தி ஆள் ஏற்றும் வண்டி, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை புதிதாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது. பாட்டரிக்கு இது இலேசான வேலையன்று.

சோதனையில் இறங்குமுன் செய்ய வேண்டியவை சில. கியரை நடுநிலையில் வைத்துச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். மிதித்தால் கிளம்பும் வண்டி, எதிரே நிற்பவரின் மீதே ஏறிவிடும். ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றி வண்டியின் இரும்போடு சேர்த்துவிட்டால், என்ஜின் பற்றாமல் சுழல மட்டும் செய்யும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். அருகில் பீடி புகைப்பவரை (எங்கள் சாச்சாவைப் போன்றவரை) தூர நிற்கச் சொல்லுங்கள். பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனைக் கம்பியை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் தொட வேண்டும்.

மிதித்ததும் ஓசையே எழாவிட்டால் பியூஸ், சாவி ஸ்விட்ச், மிதியின் அடி ஸ்விட்ச், ஸொலினாய்டின் சிறு கம்பிகள் இவற்றை வரிசையாகப் பார்த்தால் போதும். என்ஜின் நன்றாகச் சுழன்றும் பற்றாவிட்டால், பொறி வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பெட்ரோல் பக்கம் போய்விடலாம். உண்மையான சங்கடம் மூன்றாவது நிலையில்தான். "டக்" என்று கேட்கிறது; மோட்டார் முக்கி முனகிச் சுழல்கிறது, அல்லது சுழலாமலே நின்றுவிடுகிறது. எங்கள் வண்டிக்கு இதே நிலை.

ஓசை ஸொலினாய்டிலிருந்து வருகிறது, ஆகவே குற்றவாளி அதுதான் என்று நான் தீர்ப்பெழுதினேன். உள்ளேயிருக்கும் தாமிரத் தட்டு கருகியிருக்கும் என்று கூறி, என் கைப்பணத்தில் புதிது வாங்கி மாட்டினேன். மறுபடியும் அதே முனகல். பிறகு மல்டிமீட்டரை எடுத்து எல்லாக் கம்பிகளின் மின்தடையையும் அளந்தேன். எல்லாமே 0.3 ஓம் காட்டின. "கம்பிகளில் பழுதில்லை, பாட்டரிதான் மட்டம்" என்று சாச்சாவிடம் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பாட்டரியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிரவு சாப்பாடு எனக்கு ருசிக்கவில்லை.

என் தவறு எங்கே என்று அன்பர்கள் ஊகித்திருப்பார்கள். மீட்டரின் இரு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தாலே அது 0.3 ஓம் காட்டும்! அது மீட்டரின் சொந்தக் கம்பிகளின் தடை. கம்பியின் குறை 0.05 ஓமாக இருந்தால் அந்த அளவில் அது எப்படித் தெரியும்? இத்தனைக்கும் பி.எஸ்ஸி. வகுப்பில் கெல்வின் இரட்டைப் பாலத்தில் சிறு தடையை அளந்து நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியவன் நான். மின்னோட்டம் செலுத்த இரு முனை, அழுத்தம் அளக்க வேறு இரு முனை என்பதல்லவா அங்கே படித்த தத்துவம்! அதை மேசையில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அதே தத்துவத்தை வண்டியில் கையாள்வது மிக எளிது. மின்னோட்டத்தைச் செலுத்தும் வேலையை மோட்டாரிடமே விட்டுவிடலாம். ஒருவர் மிதியை அழுத்தி என்ஜினைச் சுழற்றும் அந்த மூன்று நான்கு விநாடியில், மற்றவர் மீட்டரை வோல்ட்டில் வைத்துக் கம்பியின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குத் தொட்டுப் பார்க்க வேண்டும். நல்ல கம்பியானால் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. எங்கே அதிகம் காட்டுகிறதோ அங்கே திருடன் இருக்கிறான். மீட்டரின் கம்பித் தடை இங்கே கணக்கில் வராது. ஏனெனில் அதன் வழியே பாயும் மின்னோட்டம் இல்லையென்றே சொல்லலாம்.

மறுநாள் காலை சாச்சா மிதிக்க, நான் தொட்டேன். இரவெல்லாம் சார்ஜ் ஏறிய பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட். மிதித்தபோது அதன் முனைகளில் 11.2. பாட்டரி மட்டமென்று நான் சொன்னது பொய்யாயிற்று. மட்டமான பாட்டரி அந்நேரத்தில் ஒன்பதுக்கும் கீழே சரிந்திருக்கும். மோட்டாரின் முனைகளிலோ 7.4 தான். நடுவில் 3.8 வோல்ட் காணாமற் போயிருக்கிறது. நேர்முனைப் பக்கம் முழுவதும், புதிய ஸொலினாய்டு உள்பட, 0.4 வோல்ட். மீதி 3.4-உம் எதிர்முனைப் பக்கத்தில். அதிலும் மோட்டாரிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டம் வரை 0.3, சட்டத்திலிருந்து பாட்டரியின் எதிர்முனை வரை 3.1!

ஆய்வுக்கூடத்துக் கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் 62 ஆம்பியர் காட்டியது. ஓம் விதிப்படி 3.1-ஐ 62-ஆல் வகுத்தால் 0.05 ஓம். இத்தனை சிறிய தடையில் வெப்பமாக வீணாகும் சக்தியோ 3.1 பெருக்கல் 62, அதாவது 192 வாட். இருபத்தைந்து வாட் சால்டரிங் அயர்ன் ஏழெட்டை ஒரே இடத்தில் வைத்ததற்குச் சமம். சட்டத்தில் கம்பி பூட்டியிருந்த போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன்; கை சுட்டது.

போல்ட்டைக் கழற்றினோம். கம்பி நுனியின் தாமிர வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவே அழகான பச்சைப் பெயின்ட். பெயின்ட் அடித்தவர்கள் கம்பியைக் கழற்றிச் சட்டம் முழுவதும் பூசிவிட்டு, பூச்சின் மேலேயே வளையத்தை வைத்து முறுக்கிவிட்டார்கள். போல்ட்டின் மரை ஒன்றின் வழியாகவே அத்தனை மின்னோட்டமும் பதினான்கு மாதமாகப் போய் வந்திருக்கிறது. "பெயின்ட் அடித்த அன்றே ராசி போய்விட்டது" என்ற சொல்லை நான் முதல் நாளே அளவுக் குறிப்பாக எடுத்துக்கொண்டிருந்தால், ஒரு ஸொலினாய்டின் விலை மிஞ்சியிருக்கும்.

பாட்டரிகள் செத்ததற்கும் இதே போல்ட்தான் காரணம் என்பது பிறகு புலப்பட்டது. சார்ஜ் ஏற்றும் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், வண்டியின் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டே அளவைப் பார்க்கிறது. கழற்றுமுன் என்ஜினை ஓடவிட்டு நான் பார்த்தபோது, ரெகுலேட்டரின் முனைக்கும் சட்டத்துக்கும் 14.4 வோல்ட், அது தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது. பாட்டரியின் முனைகளிலோ 13.6. சார்ஜாகப் பாயும் மின்னோட்டமும் அதே போல்ட்டைக் கடக்க வேண்டுமல்லவா? 16 ஆம்பியர் பாய்ந்தால் 0.05 ஓமில் 0.8 வோல்ட் இழப்பு. பாட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டம் குறையும், இழப்பும் குறையும். நெடுந்தூரம் ஓடும் வண்டியானால் மெல்லவேனும் நிரம்பிவிடும். எங்கள் வண்டி முந்நூறு அடி ஓடி நிற்பது. முனகிக் கிளம்புவதில் மிகுதியாகச் செலவழித்து, ஓடும் சிறு பொழுதில் குறைவாகச் சம்பாதித்து, நாள்தோறும் கடனில் வாழ்ந்திருக்கிறது. அரைகுறையாகவே கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் ஈய ஸல்பேட் கடினப் படிகமாக உறைந்துபோகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. பனிக்காலத்தில் என்ஜின் எண்ணெய் தடித்து, பாட்டரியின் வலுவும் குறைவதால், குற்றம் தை மாதத்தில் வெளிப்பட்டது.

பழுது பார்த்தது பத்து நிமிட வேலை. பெயின்ட்டைச் சுரண்டி, கம்பி பிரஷினால் இரும்பு பளிச்சிடத் தேய்த்து, பல் வைத்த வாஷர் ஒன்றிட்டு இறுக முறுக்கி, ஈரம் ஏறாதபடி மேலே வாஸலின் தடவினோம். பிறகு மிதித்தபோது பாட்டரியில் 10.8, மோட்டாரில் 9.8, மின்னோட்டம் 78 ஆம்பியர். பாட்டரியின் அழுத்தம் முன்னைவிடக் குறைந்துவிட்டதே என்று சிலர் மருளலாம். தடை நீங்கியதால் மோட்டார் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை இழுக்கிறது, அதுதான் காரணம். போல்ட்டின் இழப்பு 3.1 வோல்ட்டிலிருந்து ஏறக்குறைய 0.1-க்கு இறங்கியது. ஓடும்போது பாட்டரியில் 14.3. மூன்றாவது பாட்டரியை இரண்டு நாள் மெதுவாகச் சார்ஜ் செய்தோம், அது பிழைத்துக்கொண்டது.

இந்த அளவுகளையெல்லாம் முன், பின் என இரு பத்திகளாக எழுதி, பெயின்ட் அடித்த தேதியையும் சேர்த்து, சாச்சாவின் பெயரால் ஆபீசுக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். சாவியை மறந்து விட்டதாக எழுதியிருந்ததை அடித்துவிட்டார்கள். சம்பளப் பிடித்தமும் நின்றது. முன்பே பிடித்த நான்கு மாதப் பணத்தைப் பற்றி மட்டும் இன்னும் பதில் இல்லை. கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அடுத்த வாரம் சாச்சாவும் நானும் மறுபடி போகிறோம்.