எங்க அம்மா வேலை இல்லாதவரா? – ஒரு கணக்கு



சமூக அறிவியல் வகுப்பில் வேலையில்லாத் திண்டாட்டம் நடத்தும்போது சார், "உங்க வீட்ல யாருக்கு வேலை இல்ல?" என்று கேட்டார். நான் எழுந்து, "எங்க அம்மாவுக்கு சார். துணி தைக்கிற கம்பெனியில செக்கிங் வேலை பார்த்தாங்க. கம்பெனிய மூடிட்டாங்க" என்றேன். "இப்ப தேடறாங்களா?" "ஆறு மாசம் அலைஞ்சிட்டு விட்டுட்டாங்க சார்." "அப்படின்னா சில கணக்குல உங்க அம்மா வேலை இல்லாதவர் கிடையாது" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பிறகு அவரிடம் கேட்டு எழுதியதுதான் இது.

வேலை செய்பவர், வேலை தேடுபவர் இருவரையும் சேர்த்தால் உழைப்பாளர் தொகை. தேடுபவர் எண்ணிக்கையை இந்தத் தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வேலையின்மை சதவீதம். படிக்கிற பிள்ளைகள், வயதானவர்கள், வீட்டை மட்டும் கவனிப்பவர்கள் இதில் வரமாட்டார்கள்.

ஒரு தெருவில் 15 வயதுக்கு மேற்பட்டவர் 100 பேர் என்று வையுங்கள். 50 பேர் வேலை செய்கிறார்கள். 10 பேர் தேடுகிறார்கள். 10/60, அதாவது 16.7 சதவீதம். தேடுபவர்களில் 5 பேர் மனசு விட்டுப்போய் தேடுவதை நிறுத்திவிட்டால்? 5/55, அதாவது 9.1 சதவீதம். யாருக்கும் வேலை கிடைக்கல. ஆனா சதவீதம் குறைஞ்சிடுச்சு! நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருது.

நம்ம புதுச்சேரிக்கு வருவோம். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, சி.எம்.ஐ.இ. என்ற மும்பை நிறுவனம் கணக்கெடுத்தது. இந்தியாவில் 23.5 சதவீதம், தமிழ்நாட்டில் 49.8, புதுச்சேரியில் 75.8! ஊரில் உள்ள நூறு பேரில் 76 பேர் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேலை செய்பவரும் தேடுபவருமான நூறு பேரில்தான். இன்னொன்று, சின்ன ஊரில் குறைவான வீடுகளில்தான் கேட்பார்கள். அதனால் சில வீடுகள் மாறினாலே சதவீதம் துள்ளிக் குதிக்கும்.

அதே ஏப்ரல் 30-ஆம் தேதிதான் ஏ.எஃப்.டி. மில்லை நிரந்தரமாக மூடினார்கள். 1898-ல் தொடங்கிய மில் அது. ரோடியர் மில் என்றால்தான் பெரியவர்களுக்குத் தெரியும். 1936 ஜூலை 30-ல் சவானா மில் போராட்டத்தில் பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 தொழிலாளிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே 8 மணி நேர வேலைச் சட்டம் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் இப்போது சங்கு ஊதுகிற அந்த மில்கள் இல்லை. மில்லிலேயே வயசாகிப்போனவர் வேற எங்கே போய்த் தேடுவார்? தேடாவிட்டால் சதவீதத்திலும் அவர் இல்லை.

மத்திய அரசு 2017-லிருந்து நடத்தும் பி.எல்.எஃப்.எஸ். கணக்கெடுப்பு கொஞ்சம் வேற மாதிரி. தேடாவிட்டாலும், "வேலை கிடைச்சா செய்யத் தயார்" என்று சொன்னால் வேலை இல்லாதவராக எழுதிக்கொள்வார்கள். ஆனால் அதன் வாரக் கணக்கில், போன வாரம் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் வேலையில் இருப்பவர்தான்! பி.எட். முடித்துவிட்டு நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் எதிர்வீட்டு அக்காவும் அதில் வேலை உள்ளவர். அக்காவிடம் சொன்னேன், "எனக்கே தெரியாதே!" என்று சிரித்தார்.

ராத்திரி அம்மாவிடம், "கணக்கெடுக்க வந்து வேலைக்குத் தயாரான்னு கேட்டா என்னம்மா சொல்லுவ?" என்றேன். அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே, "சேதராப்பட்டா இருந்தாலும் நாளைக்கே பஸ் ஏறிடுவேன்டி" என்றார்.

அப்படியானால் அரசு கணக்கில் எங்க அம்மா வேலை இல்லாதவர். மும்பை நிறுவனத்தின் கணக்கில் இல்லை.