ரவுட்டரின் இருவகை நினைவகம்

இன்று இல்லந்தோறும் பள்ளிதோறும் இணையத்தைப் பகிர்ந்தளிக்கும் சிறு பெட்டியை ரவுட்டர் என்கிறோம். அதனுள்ளும் ஒரு கணினி உண்டு. அதனை இயக்கும் மென்பொருள் நிலைப்பொருள் எனப்படும். கருவியை ஆக்கியோர் சில ஆண்டுகளில் நிலைப்பொருளைத் திருத்தி வெளியிடுதலை நிறுத்திவிடுவர். அதன்பின் காணப்படும் பாதுகாப்புக் குறைகள் அடைபடாமலே கிடக்கும்; அவற்றின் வழியே அயலார் நுழைதலும் கூடும். இந்நிலையில் பழங்கருவியைக் கழித்துவிடாது காக்கும் வழிகளுள் ஒன்று, திறந்த மூல நிலைப்பொருளை அதில் ஏற்றுதல். ஆயின் எல்லாக் கருவிக்கும் அது இயல்வதன்று. இயலுமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பன இரண்டு அளவுகள். அவற்றை விளக்குதலே இப்பாடத்தின் நோக்கம்.

2002ஆம் ஆண்டின் இறுதியில் லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.ரி. 54ஜி என்னும் ரவுட்டர் விற்பனைக்கு வந்தது. அதன் நிலைப்பொருள் லினக்ஸைத் தழுவியது. லினக்ஸின் உரிமப்படி, பெற்றவர்க்கு மூல நிரலையும் அளித்தல் வேண்டும். அவ்வாறே 2003இல் மூல நிரல் வெளியாயிற்று. அதிலிருந்து 2004இல் ஓப்பின் டபிள்யூ.ஆர்.ரி. என்னும் பொது முயற்சி தோன்றியது.

இனி, அளவுகள் இரண்டையும் நோக்குவோம். முதலாவது பிளாஷ், மற்றது ரேம். வகுப்பறையில் பாடநூலும் கரும்பலகையும் உள அல்லவா? பிளாஷ் பாடநூல் போன்றது. மின்சாரம் நின்றாலும் அதில் உள்ளது அழியாது. ரேம் கரும்பலகை போன்றது. வேலை நடக்கும்வரை எழுதி அழிக்கப்பட்டு, மின்சாரம் நின்றதும் வெறுமையாகும். நூல் எத்துணைப் பெரிதாயினும் பலகை சிறிதாயின் கணக்கைச் செய்து காட்ட இயலாது. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பாது.

பிளாஷின் உள்ளமைப்பும் அறியத்தக்கது. நிலைப்பொருளின் பெரும்பகுதி, ஸ்குவாஷ் எப்.எஸ். என்னும் முறையில் இறுகச் சுருக்கப்பட்டு, அச்சிட்ட பக்கம் போல மாற்ற இயலாததாய் இருக்கும். எஞ்சிய இடமே நாம் எழுதும் வெற்றுத் தாள். நம் அமைப்புகளும் பின்னர்ச் சேர்க்கும் பொதிகளும் அதிலேயே பதியும். இங்கே பலர் இடறுவர். அச்சுப் பகுதியில் உள்ள பொதியின் புதிய பதிப்பை நிறுவினால், பழையது நீங்கி இடம் விடும் என எண்ணுவர். அவ்வாறு நிகழாது. பழையது இருந்த இடத்திலேயே இருக்கும்; புதியது வெற்றுத் தாளை உண்ணும். வெற்றுத் தாளே இல்லையாயின், செய்த அமைப்புகள் கருவியை நிறுத்தித் தொடக்கியதும் மறைந்துபோம்.

ரேமின் தேவையோ வேறு. தற்காலிகக் கோப்புகளும் ரேமிலேயே வைக்கப்படும். நிலைப்பொருளைப் புதுப்பிக்கும்போது, புதிய பிரதி முழுதும் முதலில் ரேமிலே இறங்கி, அதன்பின்னரே பிளாஷில் எழுதப்படும். ரேம் போதாவிடின் புதுப்பித்தலே தடைப்படும். நாள்தோறும் இயங்கும் வேளையிலும், இடம் தீர்ந்தவுடன் லினக்ஸ் ஏதேனும் ஒரு செயலியை வலிந்து நிறுத்திவிடும். இணைப்பு அறுதற்கு இதுவும் ஒரு காரணம்.

4 மெகாபைற் பிளாஷும் 32 மெகாபைற் ரேமும் முன்பு போதுமானவையாய் இருந்தன. லினக்ஸ் கருவகம் வளர வளர அவை போதாவாயின. 2022இல் ஆதரவு முடிந்த 19.07 என்னும் வரிசையே அத்தகைய கருவிகளுக்கு ஓப்பின் டபிள்யூ.ஆர்.ரி. முறைப்படி ஆக்கி அளித்த இறுதி வரிசை. இன்று 8 மெகாபைற் பிளாஷும் 64 மெகாபைற் ரேமும் கீழெல்லை எனலாம்; 16உம் 128உம் இருப்பின் நெருக்கடி குறையும்.

பெட்டியின் பெயரை மட்டும் நோக்கி முடிவு செய்தல் தகாது. மேற்கூறிய 54ஜி முதலில் 4 மெகாபைற் பிளாஷும் 16 மெகாபைற் ரேமும் கொண்டிருந்தது. 2005இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் அவை 2 எனவும் 8 எனவும் சுருங்கின, லினக்ஸும் நீக்கப்பட்டது. ரி.பி. லிங் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர். 841என் என்பதிலும் இதனைக் காணலாம். பதின்மூன்றாம் பதிப்பு 8உம் 64உம் உடையது. அதற்குப் பின்வந்த பதினான்காம் பதிப்போ 4உம் 32உமே உடையது. பிந்தியது பெரியது என்பது விதியன்று.

குறை தீர்க்கும் வழி உண்டோ எனின், ஓரளவு உண்டு. யூ.எஸ்.பி. வாயில் உள்ள கருவியில் சேமிப்புக் கோலைச் செருகி எழுதும் இடத்தைப் பெருக்கலாம். அதனால் ரேம் பெருகாது. வேண்டிய பொதிகளை முன்னரே அச்சுப் பகுதியுள் சேர்த்துப் பிரதி ஆக்கினால், அவையும் சுருங்கி இடம் மிஞ்சும். ரேமில் உள்ளவற்றைச் சுருக்கி வைக்கும் முறையும் உண்டு. அதனாற் பெறும் இடம் சிறிதே, செயலிக்கும் வேலை கூடும்.

ஆகலின் மாணாக்கர் இம்முயற்சியில் இறங்குமுன் கருவியின் அடியில் ஒட்டிய தாளிற் பெயரையும் பதிப்பு எண்ணையும் படித்து, அப்பதிப்புக்கு ஆதரவு உண்டா என்றும், பிளாஷும் ரேமும் எவ்வளவு என்றும் ஓப்பின் டபிள்யூ.ஆர்.ரி. பட்டியலிற் காண்க. இரண்டும் எல்லைக்கு மேற்பட்டன எனின் துணிக. ஒன்று குறையினும், பழைய வரிசையை ஏற்றி ஆறுதல் கொள்ளற்க. அதற்கும் இன்று திருத்தம் வருவதில்லை. அத்தகைய கருவியை இணைய வாயிலிலிருந்து அகற்றி, பிரித்துப் பார்த்துப் பயில வைத்துக்கொள்க.